கேட்டு வீட்டுக்கு வந்த காரி

ரயில்வே கேட்டின் சங்கிலியைத் தொடுவதற்கு முன்னால் செல்லக்கண்ணு குனிந்து தண்டவாளத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார். அழுத்த மாட்டார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, விரல்களைச் சற்றே தூக்கிக்கொண்டு, கையின் அடிப்பகுதி மட்டும் இரும்பில் படும்படி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எங்கோ ஒரு நடுக்கம் கிளம்பியதும் எழுந்து, தோள் துண்டில் கையைத் துடைத்துவிட்டுச் சங்கிலியை எடுப்பார். ஸ்டேஷன்காரர்கள் எப்படியும் தகவல் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி நேரமும் மனப்பாடம்தான். சித்திரை மத்தியானத்தில் அந்த இரும்பு தோசைக்கல்லாகக் கொதிக்கும். இருந்தாலும் கை அங்கே போகாமல் இராது.

ஸ்ரீரங்கத்துக்கும் கொள்ளிடத்துப் பாலத்துக்கும் நடுவே, வாழைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் நெருக்குகிற இடத்தில் அவருடைய கேட். பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. அந்த வருஷம் மாற்றாள் மலேரியாவில் விழுவதும் எழுவதுமாக இருந்ததால் அவன் முறையும் பாதி நாள் இவர் தலையில் விழுந்தது. தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில், உட்கார்ந்தபடியே, கொடிக் கம்பைக் கட்டிக்கொண்டு கண்ணயர்வார். அந்த இரவுகளில் மனைவி வெள்ளையம்மாள் வீட்டுக்குள் தனியாகக் கிடப்பாள். தோட்டத்துப் பாம்புகள் வாசல்வரை வந்து போகும். அதற்காகத்தான் பொன்மலையில் ஒரு என்ஜின் டிரைவர் துரை வீட்டிலிருந்து நாய்க்குட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். துரை வீட்டுக் குட்டியாதலால் அதற்கும் துரை என்றே பெயர் நின்றுவிட்டது. பாம்பு வந்தால் அது முதலில் வெள்ளையம்மாளின் சேலைக்குள் புகுந்துகொள்ளும், பிறகுதான் குரைக்கும். அந்தக் குரைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஐப்பசியில் அவளுடைய அண்ணன் வீரமலை மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அடுத்த வாரம் சீமைக்குக் கப்பலேறுகிறார். தவறவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் இருக்கிற வெளிச்சமும் போய்விடும்.

வீரமலையின் இடுப்பிலிருந்து ஒரு கயிறு போயிற்று. அதன் மறுமுனையில் ஆட்டுக்கிடையில் வளர்ந்த ஒரு கிழட்டுக் கறுப்பு நாய், அவருக்கு அரை அடி முன்னால் வந்தது.

“என்னண்ணே, நாயையுமா இழுத்துக்கிட்டு வந்தே?”

“நான் எங்கே ஆத்தா இழுத்தேன்? காரிதான் என்னைய இழுத்துக்கிட்டு வந்துச்சு.”

ஆஸ்பத்திரிக்குள் நாயை விடமாட்டார்கள். கண்ணைக் கட்டிப் படுக்கப்போடுகிற நாளெல்லாம் காரி கேட்டு வீட்டில் கிடக்கட்டும் என்பது வீரமலையின் கணக்கு. கயிற்றை அவிழ்த்துவிட்டு அவர் கைகால் கழுவப் போனார்.

வெள்ளையம்மாள் வளர்ந்த வீட்டில், வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்குப் போட்ட பிறகுதான் வீட்டாருக்கு. வண்டி பூட்டி வந்தால் மாட்டுக்கும் முதல் தவிடு. அந்தப் பழக்கத்தில் அவள் துரையின் சட்டியை எடுத்துக் கழுவி, கம்பஞ்சோற்றைக் கரைத்து ஊற்றி, துரையின் இடத்திலேயே வைத்துக் காரிக்குக் காட்டினாள். துரைக்கு விருந்தாளி வழக்கம் தெரியாது. தன் சட்டி, தன் மூலை. அது பின்பக்கமாக ஓடிவந்து மூக்கை நுழைத்தது. காரி உடம்பே தூக்கிவாரிப்போட்டதுபோலத் திரும்பி, ஒரே கடி. குட்டியின் காது நுனி கிழிந்து தொங்கியது.

“காரி! விடுடா! காரி!” என்று வீரமலை முற்றத்திலிருந்து கத்தினார். அது அவர் சொல்லை மதித்ததாகவே தெரியவில்லை. தடவித் தடவி வந்து அதன் கழுத்தில் கை வைத்த பிறகுதான் அடங்கியது.

“கொலைகார நாயா இருக்கும் போலிருக்கே!” வெள்ளையம்மாள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டே அழுதாள். “இவரு ராத்திரி கேட்டுக்குப் போயிட்டா, இதையும் அதையும் வச்சுக்கிட்டு நான் எந்தப் பக்கம் திரும்புவேன்?”

வீரமலை காரியைத் தன் பக்கமாக இழுத்து உட்காரவைத்தார். பிறகு, “வயசான திமிரு ஆத்தா அதுக்கு,” என்றார். “விடிஞ்சதும் கெளம்புறேன். ஊர்ல பாதிப் பேரு குருடாத்தான் கெடக்கான். நானும் ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்.”

“மச்சான், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. சும்மா படுங்க,” என்றார் செல்லக்கண்ணு. அவருக்கு யோசனை எதுவும் இருக்கவில்லை. சண்டையைக் கேட்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை, அதனால் சொன்னார்.

யோசனை மறுநாள் காலையில், பல் குச்சியோடு நின்றபோது வந்தது. புது மாட்டை ஏரில் பூட்டும்போது அவருடைய அப்பா பழைய மாட்டோடு முகம் பார்க்க விடமாட்டார். இரண்டையும் ஒரே திசை பார்த்து நடக்கவிடுவார். நாய்க்கு அது சரிப்படுமா என்று அவருக்குத் தெரியாது. சாமான் வண்டி போன பிறகு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மாள் கையில் துரை, இந்தப் பக்கம் தன் கையில் காரி என்று பிடித்துக்கொண்டு பாலத்துப் பக்கமாக நடந்தார்கள். இரும்பு நடுவில் கிடந்தது. துரை முதலில் நாலு காலையும் ஊன்றி மறுத்தது, அப்புறம் நடந்தது. காரி எதையும் கவனிக்கவில்லை. செல்லக்கண்ணு நடந்தபடியே இரண்டு தடவை தூங்கிவிட்டார்.

திரும்பி வந்து கேட்டைச் சாத்துகிற நேரம். பள்ளிக்கூடத்து வாத்தியார் சௌரிராஜன் சைக்கிளோடு வந்து மாட்டிக்கொண்டார்.

“என்ன செல்லக்கண்ணு, பெண் பார்க்கற சடங்கா நடக்கறது?”

“ரெண்டும் கடுவன், சாமி.”

“அப்படின்னா சம்பந்திச் சண்டைன்னு சொல்லு. அது நம்மாத்துலேயே தீரலை, உன் ஆத்துலேயா தீரப்போறது?”

செல்லக்கண்ணு சிரிக்க முயன்றுவிட்டுக் குனிந்து தண்டவாளத்தில் கையை வைத்தார். நடுக்கம் உள்ளங்கைக்கு வந்த அதே நொடியில், ஓரமாக வயிறு படியப் படுத்திருந்த காரி எழுந்து நின்றது. துரை இன்னும் வாத்தியாரின் சைக்கிள் சக்கரத்தை மோந்துகொண்டிருந்தது.

“அடேயப்பா, என்ன காது அதுக்கு! எனக்கே இன்னும் சத்தம் கேக்கலையே,” என்றார் சௌரிராஜன்.

“கெழத்துக்குக் காதைப் பாரேன்,” என்று வெள்ளையம்மாளும் சொன்னாள். நேற்றைய கோபம் அதில் கொஞ்சம் கரைந்தது. வீரமலை கேட்டுத் தூணில் சாய்ந்திருந்தார். காரியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

அன்றைக்கு இரண்டு சட்டி, இரண்டு மூலை. துரைக்கு முதலில் ஊற்றினாள். அது படுத்த சாக்கைக் காரிக்கும், காரியின் கம்பளித் துண்டைத் துரைக்கும் மாற்றிப் போட்டார்கள். மறுநாள் மறுபடியும் இரும்பின் இரண்டு பக்கமும் நடை. ஒரு தடவை துரை பின்னாலிருந்து தாவியதில் காரி மறுபடி சீறியது. வெள்ளையம்மாள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். எதிரே வந்தால் சும்மா இருக்கிறது, பின்னால் வந்தால்தான் சீறுகிறது என்று செல்லக்கண்ணு பார்த்தார். அதற்குமேல் யோசிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டையும் அவிழ்த்துவிட்டார்கள். வீரமலை துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கா ஊருக்கா என்பது அந்த மூட்டைக்கு இன்னும் தெரியாது. துரை வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, நேர் எதிரே, அங்குலம் அங்குலமாக வந்தது. காரி பார்த்துக்கொண்டே இருந்தது. மஞ்சள் காய்ந்த காதை மோந்தது. ஒரு தடவை நக்கிவிட்டு, பெரிதாகக் கொட்டாவி விட்டது. துரை அதன் முன்னங்காலுக்கு நடுவில் போய்ச் சுருண்டது.

“என்ன ஆச்சு? யாராவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்,” என்றார் வீரமலை.

“தூங்குதுண்ணே. ரெண்டும்.”

செல்லக்கண்ணுவும் அதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வீரமலை போய்ப் படுத்தார். ஒரு கண்ணுக்கு வெளிச்சம் வந்தது. மற்றது போனது போனதுதான் என்றார்கள். தடித்த கண்ணாடியோடு கேட்டு வீட்டுக்குத் திரும்பியவர் முதலில் காரியைத்தான் பார்த்தார். “கெழடு தட்டிப் போயிட்டியேடா,” என்றார். மறுநாள் அதைக் கயிற்றில் கட்டாமலே கூட்டிக்கொண்டு போனார்.

தை பிறந்த பிறகு அவர் மனைவி வேலம்மாள் ஒரு மூட்டைக் கேழ்வரகோடு வந்தாள். வீரமலை நன்றாக இருக்கிறாராம், ஆட்டை எண்ணுகிறாராம். பேச்சு காரியிடம் வந்தது. அதற்கு இருக்கிற காதைப்போல இன்னொரு நாய்க்குப் பார்த்ததில்லை என்றார் செல்லக்கண்ணு.

வேலம்மாள் கேழ்வரகைக் கொட்டுவதை நிறுத்தினாள்.

“அதுக்குக் காது ஏதுண்ணே? கெணத்துக்கு வெடி வச்சப்போ பக்கத்துல நின்னுச்சே, அன்னையோட போயிருச்சு. ஒங்க மச்சான் சொல்லலையா? தண்டவாளத்துப் பக்கத்துல செவிட்டு நாயை வச்சுக்க மாட்டீகன்னு பயந்திருப்பாரு. பின்னாடி யாரும் வந்தா வெலவெலத்துப் போயிரும் பாவம். மத்தபடி, தரை அதிர்ந்தா எந்திரிக்கும். அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும்.”