ஒன்றரை வேகம்

விருதுக்கான நாமினேஷன் பட்டியல் வந்துவிட்டால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சாக்பீஸைவிட அதிகமாகப் புழங்குவது சினிமாப் பேச்சுதான். டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வீடு மதுரை செல்லூரில். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம் பஸ். மற்ற டீச்சர்கள் அந்த நேரத்தில் பேப்பர் திருத்துவார்கள், அல்லது தூங்குவார்கள். நான் படம் பார்ப்பேன். முடிவு அறிவிப்பதற்குள் பட்டியலில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்து, எது ஜெயிக்கும் என்று எழுதித் தந்துவிட வேண்டும். எங்கள் ஐந்து பேருக்குள் அது ஒரு போட்டி. தோற்றவர்கள் சேர்ந்து வடை வாங்கித் தரவேண்டும். மூன்று வருடமாக நான் வாங்கித் தந்ததே இல்லை.

அந்த வருடப் பட்டியலில் ஒரு மீனவர் படம் இருந்தது. கடலை அவ்வளவு அழகாக எடுத்திருந்தார்கள். ஆனால் படம் முழுக்க ஒருத்தர் வேட்டிகூடக் கசங்கவில்லை. ஒரு கோர்ட் படம்; வக்கீல் பேசிய பேச்சில் நீதிபதி தண்ணீர் கேட்டார், நானும் எழுந்துபோய்க் குடித்துவிட்டு வந்தேன். ஆட்டைத் தொலைத்த கிழவரின் படம் ஒன்று. அதற்குத்தான் சிறந்த படம் என்று எழுதிக் கொடுத்தேன், ஏனென்றால் ஆடு பிரமாதமாக நடித்திருந்தது. மனதாரப் பிடித்தது கல்யாண வீட்டுப் படம் மட்டும்தான். பந்தியில் இடம் கிடைக்காத சித்தப்பா கோபித்துக்கொண்டு கிளம்புவார். கிளம்பியவருக்குச் செருப்பு கிடைக்காது. அந்தச் செருப்பைத் தேடும் காட்சிக்கே தனியாக ஒரு விருது தரலாம்.

இப்படித்தான் என் அபிப்பிராயங்கள். எனக்கு வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். புகுந்த வீட்டில் அதற்கு மரியாதை கிடைத்ததுதான் ஆச்சரியம். என் மாமனார் வீட்டுக்குக் கீழேயே ஆறு விசைத்தறி போட்டுத் துண்டு நெய்கிறவர். சினிமா பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மூன்று வருடம் நான் சொன்ன படமே ஜெயித்ததைப் பார்த்ததிலிருந்து, “எங்க மருமக சொல்லிட்டா தப்பாது” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதுக்கும் வந்தது. தலைக்கும் ஏறியது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாப் படங்களையும் ஒன்றரை வேகத்தில்தான் பார்ப்பேன். இரண்டேகால் மணி நேரப் படம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கதை புரியும், வசனம் புரியும், முகங்கள் தெரியும். இதற்கு மேல் ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அந்தப் பட்டியலில் ஒலி வடிவமைப்புக்கான பிரிவில் ஒரு தறிக்காரத் தெருப் படம் இருந்தது. அந்தப் படத்தின் ஒலிக்குப் போட்டிருந்த இரண்டு பெயர்களில் இரண்டாவது என் கொழுந்தனுடையது. சென்னையில் ஒரு சவுண்ட் ஆளிடம் நான்கு வருடம் உதவியாளனாக இருந்து, முதல்முறையாகப் பெயர் போட்ட படம். என் மாமனாருக்கு இதில் பெருமையைவிடக் கவலைதான் அதிகம். திருமங்கலத்தில் சொந்தக்காரர் ஒருவரின் டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. சின்ன மகனை அதில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இவனோ இன்னும் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அப்போது வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தார். அதனால் நடுவில் கேட்க ஆள் நான்தான்.

“படத்தைப் பாத்துட்டுச் சொல்லும்மா. அவனுக்கு அதுல வழி இருக்கா, இல்லையா? இருக்குன்னு நீ சொன்னா விட்டுர்றேன்” என்றார் மாமனார்.

அன்றைக்கே நிதானமாக உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அது அரைப் பரீட்சை நேரம். பாதியைப் பஸ்ஸில் ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். மீதியை வீட்டில், லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்து, சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டே பார்த்தேன். எல்லாம் ஒன்றரை வேகம். அடுப்பில் குக்கர் விசில் அடிக்க, படம் ஓட ஓட, ஸ்டாஃப் ரூம் குரூப்புக்கு வாய்ஸ் நோட் போட்டேன். அந்த வாய்ஸ் நோட் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

“படம் சுமார்தான்ப்பா. என்னமோ அவசரத்துல எடுத்த மாதிரி இருக்கு. மூச்சு விடக்கூட எடமில்ல. சவுண்டுக்கு எதுக்கு நாமினேஷன் குடுத்தாங்கன்னே தெரியல, ஒரே இரைச்சல். இந்தா இப்பப் பாருங்க, கரண்டு போச்சாம், தறி நிக்குதாம். இப்ப எவளோ ஒருத்தி கத்துறா. காது வலிக்குது. இதெல்லாம் தேறாது.”

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது மாமனார் வாசலில் நிறுத்தினார். “பாத்தியாம்மா?” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, “வாய்ஸ்ல சொல்லியிருக்கேன் மாமா, கேட்டுக்கங்க” என்று அந்த நோட்டை அவருக்கு அனுப்பிவிட்டேன். பஸ் திருமங்கலம் தாண்டுவதற்குள் அவர் அதைக் கேட்டு, மகனுக்கும் அனுப்பிவிட்டிருக்கிறார். கூடவே ஒரு வரி: உன் மதினியே சொல்லிட்டா, திங்கக்கிழமையிலருந்து கடைக்குப் போ.

மதியச் சாப்பாட்டு வேளையில் போன் செய்து இதை அவரே சொன்னார். டைல்ஸ் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டாராம். “நல்லவேளை, நீ உள்ளதச் சொன்ன” என்றார். சொன்னது உள்ளதுதானா என்று அப்போதும் யோசிக்கவில்லை. கொழுந்தன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்தான். ஒரு பெட்டி, அவனுடைய மைக் இருக்கும் கறுப்புப் பை. என்னிடம் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். “மதினி, இன்னொரு தோசை” என்று வழக்கம்போலக் கேட்டுச் சாப்பிட்டான். வாய்ஸ் நோட் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றைக்கு நான் சுட்ட தோசை ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவன் அப்பாவிடம் சொன்னான்: “நாளைக்குக் காலைல ஒரு தியேட்டர்ல எங்க படம் போடுறாங்கப்பா. பிலிம் கிளப்காரங்க. ஒரு தடவ வந்து பாருங்க. திங்கக்கிழமை நான் கடைக்குப் போயிர்றேன்.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் வாங்க மதினி” என்றான். அவன் பார்வையில் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. என் வலது பக்கம் மாமனார், இடது பக்கம் கொழுந்தன். நடுவில் மாட்டிக்கொண்டேன். படம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் ப்ரொஜெக்டரில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். எல்லாம் மெதுவாக நகர்ந்தது. வேகமாக நடக்கிறவள் என்று நான் நினைத்திருந்த கதாநாயகி, குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு கணம் நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அந்தத் துடைப்பு கேட்டது. நான் பார்த்த படத்தில் அவள் நிற்கவே இல்லை.

மூச்சு விட இடமில்லாத படம் என்று சொன்னேனே, படம் முழுக்க மூச்சு விடுகிற இடமாகத்தான் இருந்தது. அதையெல்லாம் நான்தான் நசுக்கிப் பார்த்திருக்கிறேன். மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தறியில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் என்னிடம்தான் திரும்புவார் என்று தெரியும். என்ன சொல்வது? அன்றைக்கு நன்றாக இல்லை, இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றா? வேகமாக ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த பேர் டீக்கடை வரைக்கும் நாறிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கு இவன் டைல்ஸ் கடையில் நிற்பான். சொல்லாமலே தப்பிக்க வழி இருக்கிறதா என்று இடைவேளை முழுக்க யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. கரண்டு போகிறது. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி, கடைசியாகத் தெருமுனையில் எங்கோ ஒன்று கடகடவென்று இழுத்துப் போய் நிற்கிறது. அதன்பின் ஒன்றுமே இல்லை. செல்லூரில் இத்தனை வருடம் இருக்கிறேன், கரண்டு போகாத நாள் இல்லை, அந்த அமைதியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. பிறகு மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“கரண்டு வந்துருச்சு! மோட்டாரப் போடுங்க!”

என் பக்கத்தில் இருந்த மாமனார் சடாரென்று எழுந்தார். பாதி எழுந்து, கை முன்னால் நீண்டு, ஸ்விட்சைத் தேடியது. பின்னால் யாரோ “உக்காருங்கண்ணே, மறைக்குது” என்றார்கள். அவர் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அது என் குரல். கரண்டு போனால் அவர் டீக்கடைக்குப் போய்விடுவார். வந்ததும் மாடியிலிருந்து அப்படித்தான் கத்திக் கூப்பிடுவேன். முந்தின வருட லீவில் கொழுந்தன், புசுபுசுவென்று முடி வைத்த உறை போட்ட அந்த மைக்கைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றதும், “அந்தப் பூனையத் தூக்கிட்டு அங்கிட்டுப் போ தம்பி” என்று நான் விரட்டியதும் நினைவுக்கு வந்தன. எவளோ ஒருத்தி கத்துகிறாள், காது வலிக்கிறது என்று உலகத்துக்கெல்லாம் சொன்னேனே, அந்த எவளோ நான்தான்.

மீதிப் படத்தைப் பார்த்தேனா என்று தெரியவில்லை. கைதட்டினார்கள். வெளியே பைக் ஸ்டாண்டுக்கு வந்தோம். உச்சி வெயில். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் பயந்தபடியே கேட்டார்.

“இப்ப என்னம்மா சொல்ற?”

கொழுந்தன் வண்டியை எடுக்கிற சாக்கில் குனிந்து ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் படத்தை ஒழுங்காப் பாக்கல மாமா. வேகமா ஓட்டிப் பாத்தேன். இது மட்டுமில்ல, எப்பவுமே எல்லாப் படத்தையும் அப்படித்தான் பாப்பேன். நான் சொன்னது தப்பு. தம்பி வேலை ரொம்ப நல்லாருக்கு. என் பேச்சக் கேட்டு அவனக் கடைக்கு அனுப்பிராதீக.”

“எல்லாப் படத்தையுமா?” என்றார். ஆமாம் என்றேன். திட்டியிருக்கலாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய், டைல்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டார். “இல்ல மாப்ள, பய வரமாட்டான். வேற ஆளப் பாத்துக்க. அவனுக்கு அங்கன சோலி கெடக்கு” என்பது எங்களுக்கும் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொழுந்தனிடம், “மன்னிச்சுக்க தம்பி, வேகமா ஓட்டுனதுல என்ன போச்சுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு” என்றேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி” என்றான். “உங்க வாய்ஸ் நோட்ல பின்னாடி படம் ஓடுச்சுல்ல. தறி எல்லாம் நின்னு முடிய நாங்க பதினெட்டு செகண்டு வச்சிருந்தோம். உங்க பின்னாடி பன்னெண்டுல நின்னுருச்சு.”

கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“தெரிஞ்சும் ஏன் தம்பி அப்பாட்ட சொல்லல?”

“நான் சொன்னா, கடைக்குப் போகாமத் தப்பிக்கறதுக்காகச் சொல்றேன்னுதான் நெனப்பாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு.” வண்டியைக் கிளப்பினான். “அந்தப் பதினெட்டு செகண்டுக்குத்தான் மூணு வாரம் மாடியில நின்னேன்.”

விருது அந்தப் படத்துக்குக் கிடைக்கவில்லை. சிறந்த படமும் ஆட்டுக்குப் போகவில்லை. அந்த வருடம் வடை வாங்கித் தந்தவர்களில் நானும் ஒருத்தி. கொழுந்தன் சென்னைக்குத் திரும்பிப்போய் அதன்பின் இரண்டு படங்கள் செய்துவிட்டான். பொங்கலுக்கு வருவான், தோசை கேட்பான், என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிச் சுற்றுவான். என்மேல் அவனுக்குக் கோபமில்லை, அது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒரு சின்ன விளம்பரத்துக்கு வேலை பார்த்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிட்டு, “எப்படி மதினி இருக்கு?” என்று கேட்பான்.

அந்த இரண்டு படங்களையும் தியேட்டரில், டிக்கெட் எடுத்து, கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில், ஒரு வயதான அம்மா மாத்திரை அட்டையைப் பிரிக்கிற சத்தத்தை அவன் வைத்திருக்கும் இடம் எனக்கு இன்னும் தூக்கத்தில்கூட வருகிறது. அதைப் பற்றி அவனிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அவன் இன்னும் கேட்கவில்லை.