பானெட் மேல் பயணம் செய்த மெழுகுப் பூக்கள்

காலை 6.40. புதுச்சேரியிலிருந்து விருத்தாசலத்துக்கு நேர் பஸ் கிடைத்தது. எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். 2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை. மடியில் அட்டைப்பெட்டி, அதற்குள் நான் செய்த இரண்டு மெழுகு ஓவியங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மாலை வேளைகளில் தேன்மெழுகை உருக்கி, நிறப்பொடி கலந்து, சூடு ஆறுவதற்குள் பலகையில் தீட்டுவேன். பூவிதழ்களை மட்டும் பழைய துணியில் வெட்டி, மெழுகில் தோய்த்துப் பதிப்பேன். விருத்தாசலத்து மோட்டார் மெக்கானிக் அந்தோணி எங்கள் தெருவுக்கு விருந்தாளியாக வந்தவர், என் வீட்டு மோட்டாரையும் சரிபார்த்துக் கொடுத்தார். அப்போது சுவரில் இந்தப் படங்களைப் பார்த்தார். அடுத்த மாதமே, எலி கடித்த ஒரு அரக்குப் பட்டுப்புடவையோடு வந்து நின்றார்.

"எங்க வூட்டுக்காரம்மா கல்யாணப் பொடவை டீச்சர். மிச்சம் இருக்கறதுல பூ பண்ணிக் குடுங்க. மேரிக்குத் தெரியக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறது. புடவையில் நல்ல இடமெல்லாம் பூவாகிவிட்டது. கைவசம் ஒரு விரல் அகலத் துணிகூட இல்லை. படம் கெட்டால் கெட்டதுதான்.

கடலூர் தாண்டியதும் டிரைவர் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டார். "மடியில ஏன் வெச்சிக்கினு கஷ்டப்படுறீங்க? இந்த பானெட் மேல வைங்கம்மா, ஆடாது."

ஆடவில்லைதான். நானும் நிம்மதியாக வடலூரில் கண்ணை மூடி நெய்வேலி தாண்டித்தான் திறந்தேன்.

9.25. விருத்தாசலத்தில் இறங்கிப் பெட்டியைத் தூக்கினால் அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. பன்னிரண்டு வருடமாக மெழுகோடு புழங்குகிறவள், எஞ்சின் மேல் மெழுகை வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தோணி வீட்டில் பெட்டியைத் திறந்தோம். படங்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவே பிளாஸ்டிக் தாள் கொடுத்துக் கட்டியிருந்தேன். இரண்டும் தாளோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அவசரப்பட்டு ஒரு மூலையை இழுத்தேன். ஒரு இதழ் கையோடு வந்துவிட்டது. அதற்குமேல் தொடப் பயமாக இருந்தது.

அந்தோணி பெட்டியை மறுபடி மூடினார். பிறகு, "ஒட்டுனத எடுக்கறதுன்னா மேரிக்குத்தான் கை வரும். அது வேல செய்யற ஷெட்டுக்கே போவோம். உங்க படம்னு சொல்லிக்கலாம்" என்றார்.

10.15. பீங்கான் பொம்மை செய்யும் ஷெட். உள்ளே எல்லோருடைய கையும் முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. மேரி மண் கரைசலை அச்சுகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். பலகைகளின் முதுகுதான் அவர் கண்ணில் பட்டது. கையைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

"இழுக்காதீங்க டீச்சர். ஈரத்துல பொம்மைய இழுத்தா மூக்கு அச்சுலயே நின்னுடும். காஞ்சா தானா சுருங்கி வுட்டுக்கும். மெழுகும் குளுந்தா வுட்டுக்கும், இருங்க."

இரண்டையும் அப்படியே பாலிதீன் பையில் சுற்றி, நனைத்த சாக்கால் மூடி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தார். மண் காயாமல் இருக்க மூட்டைகளை அடுக்கும் இடம் அது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நானும் அந்தோணியும் இரண்டு டீ குடித்தோம். சாக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

12.00. மேரி வந்து பலகை விளிம்பை விரல் முட்டியால் சுற்றிலும் தட்டினார். தாளின் மூலையைப் பிடித்து, மேலே தூக்காமல், படத்தோடு படிய மடித்தபடி மெல்ல நகர்த்தினார். தாள் சுத்தமாகக் கழன்றது. அடுத்த படத்திலும் அப்படியே. மிச்ச இதழ்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் தேய்த்துத் தேய்த்தும் வராத ஒரு பளபளப்பு வேறு வந்திருந்தது. பக்கத்து மண் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

பிய்ந்த இதழை ஒட்ட, டீ அடுப்பில் கரண்டியைச் சூடாக்கி மெழுகு உருக்கினேன். இதழை எடுத்துக் கொடுக்க வந்த மேரி, விரலால் அதைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு மாங்காய்க் கரை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது என் கல்யாணப் பொடவை இல்ல?"

அந்தோணி கூரையைப் பார்த்தார். "எலி பாதிய தின்னுட்டுது மேரி. நாளைக்கு கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் காட்டலாம்னுதான்..."

"நீங்களா எடுத்தீங்க?" மேரி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "போன மாசம் பழந்துணி மூட்டைய போட்டு பாத்திரக்காரன்கிட்ட ஒரு குண்டான் வாங்குனேன். அப்புறம் பாத்தா பொட்டியில பொடவைய காணோம். மூட்டையோட போயிடுச்சுன்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"அதான் புதுக் குண்டான பரண்ல தூக்கி வெச்சிருக்கியா?"

"அதுல எப்படிங்க சோறு ஆக்குறது?" என்றவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்த இடமெல்லாம் வெள்ளை மண் அப்பியிருந்தது.

மாலை 4.20. புதுச்சேரி பஸ். பெட்டிக்குள் மேரி கொடுத்த பீங்கான் பொம்மை. உலையில் வெந்து வந்ததை எந்த எஞ்சினும் ஒன்றும் செய்யாது. இருந்தாலும் டிரைவர் பானெட்டைக் காட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டேன். வடலூர் வருவதற்குள் தூக்கம் சொக்கியது. மதியம் சாப்பாடு கொஞ்சம் அதிகம். பரணிலிருந்து இறக்கிய குண்டானில் முதன்முதலாக ஆக்கிய சோறு.