மாமாவின் வலது கால்

என் அக்காவின் கணவர் பருத்திப்பட்டுக்காரர். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அதற்கு என்னைவிட வயது அதிகம். கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இப்போதைய கார்கள் கால் பட்டால் நிற்கும். இதை ஏறி நின்று மிதிக்க வேண்டும், அப்போதும் யோசித்துத்தான் நிற்கும்.

நான் கொரட்டூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். நாள் முழுக்க வண்டியிலேயே கிடக்கிற எனக்கே மாமாவின் காரைத் தொடப் பயம். ஒருமுறை பூந்தமல்லி சிக்னலில், முன்னால் நின்ற லாரியின் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் எனக்கு நின்றது. மாமாவோ அதை அலுங்காமல் நிறுத்துவார். ஏரிக்கரையில் போகும்போதே வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு நிற்கிறதா, ஷேர் ஆட்டோ ஒதுங்குகிறதா என்று கணக்குப் போட்டு, வளைவுக்கு முன்பே மிதிக்கத் தொடங்கிவிடுவார். "உங்க மாமா வண்டிக்கு பிரேக் கால்ல இல்லடா, கண்ணுல கீது" என்பாள் அக்கா.

சனிக்கிழமை காலையில் இருவரும் பூந்தமல்லிக்குக் கிளம்புவார்கள். காய்கறி, பூ, ஓட்டலில் டிபன், அவ்வளவுதான். அக்கா பின் சீட்டில்தான் உட்காருவாள். முன்னால் உட்கார்ந்தால் இவரோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொல்வாள். அந்தச் சின்னப் பயணத்துக்கு மாமா இஸ்திரி போட்ட சட்டை போடுவார். வேலையை விட்டு வந்த பிறகு அவர் நிமிர்ந்து உட்காருகிற இடம் அந்த டிரைவர் சீட் ஒன்றுதான்.

அப்புறம் அவருக்கு வலது முட்டியில் ஆபரேஷன் நடந்தது. கார் ஓட்டலாம் என்றார் டாக்டர். ஆனால் அந்த பிரேக்கை மிதிக்கிற வலு காலுக்குத் திரும்பவில்லை. கார் ஷெட்டில் உறை போர்த்திக் கிடந்தது. மாமா தினமும் உறையை விலக்கித் துடைத்துவிட்டு வருவார். கேட்டால் தூசு படிகிறது என்பார். உறைக்குள் ஏது தூசு?

அவரை மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க வைக்க வேண்டும் என்று நானும் அக்காவும்தான் பேசி முடிவெடுத்தோம். நசரத்பேட்டையில் பழைய வண்டிகள் பார்க்கிற ஒரு மெக்கானிக் எனக்குப் பழக்கம். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டு, கால் பாரத்தைக் குறைக்க பூஸ்டரும் வைத்துவிடலாம் என்றான். மாமா முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலை முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக் கையைவிட வாய் வேகம்.

"இனிமே நீ மெதிக்கவே வாணா நைனா. மனசுல நெனச்சாலே வண்டி நின்னுக்கும்."

"நான் இன்னா நெனைக்கிறேன்னு ஊட்டுக்காரிக்கே இத்தினி வருசமா தெரியல. இதுக்குத் தெரியப்போதா?" என்றார் மாமா.

நெடுஞ்சாலைக்குப் பக்கத்துச் சின்ன ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மாமா ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து மெள்ள, மெள்ள என்று சொல்லிக்கொண்டே வந்தான். கார் பூப்போல நின்றது. மாமா வெகுநாளைக்குப் பிறகு விசில் அடித்தார். நான் அன்றைக்கு அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த சனிக்கிழமை இஸ்திரி சட்டையோடு கிளம்பினார். பின்னால் அக்கா, முன்னால் நான். ஏரியை ஒட்டிப் போகும்போது ஒரு சந்திலிருந்து பால் கேன் கட்டிய ஸ்கூட்டர் எட்டிப் பார்த்தது. மாமா வழக்கம்போல அதை எனக்கு முன்பே பார்த்துவிட்டார். இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் கால் தன் பழைய வேலையைச் செய்துவிட்டது. உடம்புப் பாரத்தையெல்லாம் இறக்கி ஒரே மிதி. கார் அந்த இடத்திலேயே ஆணி அடித்தாற்போல் நின்றது. பின் சீட்டில் பெல்ட் கிடையாது. அக்காவின் நெற்றி முன் சீட்டின் இரும்பில் மோதிப் புருவம் கிழிந்தது.

முந்தானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, வண்டியை எடுங்கள் என்றாள் அக்கா. மாமாவின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. வண்டியை எடுக்கவில்லை. நான்தான் இறங்கி அந்தப் பக்கம் போய், அவரை நகர்த்தி உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்த அக்கா, பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டதே என்று சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் வைத்தார்.

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஆளில்லாத மைதானத்தில் கொஞ்ச நாள் ஓட்டினால் பழகிவிடும் என்று நானும் கெஞ்சினேன்.

"எனக்குப் புரியுது மச்சான். காலுக்குப் புரியலையே" என்றார். "அது என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே மெதிச்சிடுது. பின்னாடி உங்க அக்கா குந்திகினு இருக்கா."

மைதானத்தை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பிரேக்கை மாற்ற அத்தனை நாள் எடுத்துக்கொண்டோம், கால் மாற ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. மனம் கேட்காமல் நசரத்பேட்டைக்குப் போய்ப் பழைய டிரம்களைக் கேட்டேன். அவற்றை வைத்து என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது, அந்த முட்டியால் அவற்றை மிதிக்கவும் முடியாது. ஆனாலும் கேட்டேன். எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்து வைத்திருப்பேனே அண்ணாத்தே என்று அவனும் வருத்தப்பட்டான்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன். மாமா இடது பக்கம் உட்காருகிறார். சட்டைக்கு இஸ்திரி போடுவதில்லை. ஏரிக்கரை வந்ததும் அவருடைய வலது கால் கீழே கிடக்கும் ரப்பர் விரிப்பை அழுத்துகிறது. அப்போது எனக்கு ரோட்டில் எதுவும் தெரியாது. கொஞ்சம் பொறுத்துத்தான் வளைவில் மாடோ ஆட்டோவோ வரும். நான் லேசாகத் தொடுவேன், கார் நின்றுவிடும். மாமா காலை இழுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.