நீல லாரியின் சத்தம்

தேவயானி திருத்தணிப் பக்கத்திலிருந்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவள். வரதய்யபாளையத்தில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் தங்கி, ஒன்பது வருடம் ஒரே வேலை பார்த்தாள். அச்சில் வார்த்து வரும் பிளாஸ்டிக் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்ட வேண்டும். உள்ளே ஏதாவது உருண்டால் சிவப்புக் கூடை, இல்லையென்றால் பச்சைக் கூடை. கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவளிடம் மிஞ்சியது அந்தக் காதுதான்.

இப்போது திருப்பதியில் ஒரு மாடி அறை. சேகரித்து வைப்பவர்களின் பொம்மை வண்டிகளில் ஆடிப்போன பிளாஸ்டிக் பாகங்களைச் சரிசெய்து தருகிறாள். இந்த வண்டிகளுக்கு உடம்பு உலோகம். கண்ணாடி, சீட்டு, ஸ்டீயரிங் எல்லாம் பிளாஸ்டிக். முதலில் கழல்வது பிளாஸ்டிக்தான். நொடியில் ஒட்டும் பசை போட்டால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துப்போகும். அதனால் பிளாஸ்டிக்கையே லேசாக உருக்கிச் சேர்க்கும் திரவத்தை ஊசிமுனையில் தொட்டு வைப்பாள். காய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான், பிறகு பிரிக்க முடியாது. சுத்தமான வேலை. அதற்கு மேல் புகழ வேண்டியதில்லை. தன் வேலை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு விதி உண்டு. ஆட்டினால் சத்தம் வரும் வண்டி அவள் அறையைவிட்டுப் போகாது. என்ன கேட்டு வந்தாலும் சரி, கடைசியில் காதோரம் வைத்து ஆட்டுவாள்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இப்டி ஆட்டிப் பாக்கலம்மா" என்பார் சித்தூரிலிருந்து மாதமொருமுறை வண்டிகளோடு வரும் கோகுலகிருஷ்ணன்.

"ஆட்டி இருந்தா தெரிஞ்சிருக்கும், சார்."

"எனக்கா, அவளுக்கா?"

மாசி மாதத்தில் கார்வேட்டிநகரத்திலிருந்து நாகபூஷணம் என்பவர் வந்தார். அறுபதைத் தாண்டிய விவசாயி. துண்டில் சுற்றிய உள்ளங்கை அளவு நீல லாரியை மேஜைமேல் வைத்தார்.

"பெருக்கச்சொல்லோ கீழ உழுந்துட்ச்சிம்மா. சைடு கண்ணாடி மட்டும் ஒட்டிக் குடு. வேற ஒன்னும் வேணாம்."

அந்த 'மட்டும்' செலவுக்குப் பயந்து சொன்னது என்று தேவயானி எடுத்துக்கொண்டாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் போனபின் கண்ணாடியை ஒட்டினாள். பிறகு காதோரம் வைத்து ஆட்டினாள். கேபினுக்குள் ஸ்டீயரிங் வளையம் கழன்று உருண்டுகொண்டிருந்தது. அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றி, வளையத்தை அதன் தண்டில் வைத்து, அந்தத் திரவத்தில் ஒரு சொட்டு தொட்டு வைத்தாள். ஐந்து நிமிட வேலை. அதற்குக் காசு கேட்பதாகவும் இல்லை.

நான்காம் நாள் நாகபூஷணம் வந்தார். கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்தார். லாரியைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். மறுபடி ஆட்டினார்.

"இன்னாம்மா பண்ண?"

"ஸ்டீயரிங் கழண்டு உருண்டுக்கினு இருந்துது. அதையும் ஒட்டிட்டேன், அண்ணா. காசு வேணாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னார். மகன் யஸ்வந்துக்குப் பத்தொன்பது வயது. போன வருடம் நான்கு நாள் ஜுரத்தில் போய்விட்டான். சின்ன வயசிலிருந்து படிக்கும்போது, அப்போதே ஸ்டீயரிங் கழன்றுபோன அந்த லாரியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பான். மனைவி கிருஷ்ணம்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் ஆறு வருடம். பிள்ளை வீட்டில் எங்கே இருக்கிறான் என்பதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அறிந்துகொள்வாள். இப்போது அவளே ஆட்டிக்கொள்கிறாள்.

"போட்டோ அவளுக்கு எதுக்கும்மா? இது ஒன்னுதான் இருந்துது. திரும்பக் கழட்டிடு."

தேவயானி திறந்தாள். முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மெல்லிய கத்தியை வளையத்தின் அடியில் கொடுத்து அழுத்தினாள். வளையம் இரண்டாக முறிந்தது. துண்டுகளை உள்ளே விட்டு மூடி ஆட்டினாள். முன்பு ஒற்றையாக உருண்டு நின்று உருண்ட இடத்தில், இப்போது இரண்டு துண்டுகள் சரசரவென்று ஓடின.

"இதான் அதுன்னு சொல்லிப் பாக்குறேன்" என்று நாகபூஷணம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் போன் செய்தார். "இது வேற வண்டின்றா. நீ மாத்திட்டியாம். நடந்தத அப்டியே சொன்னேன், நம்ப மாட்டேன்றா. நாளைக்கு இட்டுக்கினு வர்றேன்."

கிருஷ்ணம்மா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். கோபமாக இல்லை. பொருளைத் தவறவிட்டவர்கள் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அலமாரில இருக்கறத எல்லாம் ஒவ்வொன்னா என் கைல குடும்மா."

"அம்மா, உங்க வண்டி அதேதான். சைடு கண்ணாடிய தொட்டுப் பாருங்க. நான்தான் உள்ள ஒட்டி, அப்புறம் ஒடச்சிட்டேன். தப்பு என்னுது."

"தப்பு ஆவும்மா. நாலு வண்டி ஒரே மாதிரி இருந்தா மாறிப்போவும். குடு."

நீலத்தில் வேறு லாரி அங்கே இல்லை. அதை யாரிடம் காட்டுவது? தேவயானி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஜீப், பஸ், டிராக்டர், கார். கிருஷ்ணம்மா ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டினாள். எதிலும் சத்தம் இல்லை. முப்பத்தொரு வண்டி. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அடக்கியவள் தேவயானியே. அவள் வேலை இவ்வளவு முழுமையாக யாராலும் பரிசோதிக்கப்பட்டதில்லை. கிருஷ்ணம்மா கடைசி வண்டியையும் திருப்பிக் கொடுத்தாள்.

"வித்துட்டியாம்மா?"

"இல்லம்மா."

"சரி, வுடு. இது யாருதோ, அவங்களுக்குக் குடுத்துடு" என்று நீல லாரியை மேஜைமேல் தடவி வைத்துவிட்டு எழுந்தாள்.

நாகபூஷணம் தேவயானியைப் பார்த்தார். லாரியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தார். அவர்கள் படி இறங்கும்போது, ஒவ்வொரு படிக்கும் பைக்குள்ளிருந்து அந்தச் சரசரப்பு எழுந்தது. மூன்றாவது படியில் கிருஷ்ணம்மா நின்றாள்.

"இன்னாங்க இது, அடுத்தவங்க புள்ள பொருள எடுத்துக்கினு வர்றீங்க? அந்த வூட்ல தேடுவாங்க இல்ல? போய் வெச்சிட்டு வாங்க."

அவர் திரும்ப ஏறி வந்தார். லாரியை மேஜைமேல் வைத்தார். அந்த வேற்றுச் சத்தம் இன்னொரு முறை கிருஷ்ணம்மாவின் காதுக்கு எட்டாதபடி, சத்தமில்லாமல் வைத்தார்.