ஈரத்துணிக்கு ஊற்றுத் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காகப் பழவேற்காடு ஏரியில் படகேறிய நாட்களில், எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருந்தது. பிற்பகல் இரண்டரைக்குச் செயற்கைக்கோள் ஏரியைக் கடக்கும். தண்ணீர் வெளியிடும் வெப்பத்தை அகச்சிவப்பில் பார்க்கும். நடுவே காற்றிலுள்ள நீராவி அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று தெரிய, அதே நேரத்தில் நான் கீழேயிருந்து ஏரியின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் அளக்க வேண்டும். நான்கு முறை மேகம் வந்து கெடுத்தது. அன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அதையும் விட்டால் என் ஆராய்ச்சி அந்த வருடம் அம்போ.

படகுக்காரர் ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்துக்காரர்; அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். காற்றின் ஈரத்தை அளக்கும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்காக, உப்பே இல்லாத, காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சீசாவில் கொண்டுவந்திருந்தேன். அதைத் திறக்கும்போது அவர் பெருமையாகச் சொன்னார்.

"அந்தத் தண்ணி கெட்டுப்போச்சும்மா. ருசியே இல்ல. கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முன்பின் யோசிக்காமல் சீசாவை ஏரியில் கவிழ்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. சுற்றிலும் இருப்பது உப்புத் தண்ணீர். அதில் துணியை நனைத்தால் மெதுவாகத்தான் உலரும், அளவு பொய் சொல்லும். கைவசம் பத்து நிமிடம்.

"இன்னாமா இப்டி பண்ட்ட? உங்க அண்ணி விடியக்கால மணல்ல ஊத்து தோண்டி, டம்ளர் டம்ளரா மொண்டாந்த தண்ணி அது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அதே ஊற்றுத் தண்ணீர் நிறைந்த தன் குடிதண்ணீர்த் தூக்கை எடுத்து நீட்டினார்.

"இந்தா. இதையும் கொட்டிடாத."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கத்தோடு. துணியை நனைத்தேன், வெப்பமானியைச் சுழற்றினேன், அகச்சிவப்புக் கருவியை நீரை நோக்கிப் பிடித்தேன். இரண்டரை மணிக்கு ஒரு பொட்டு மேகமில்லை. காற்றில் துணி காயக்காய மறுபடி மறுபடி நனைத்ததில் தூக்கு முக்கால்வாசி காலி. மிச்சத்தையும் எனக்கே கொடுத்துவிட்டு, வெயிலில் வறண்ட தொண்டையோடு கழி ஊன்றினார்.

கரையில் அண்ணி நின்றிருந்தார்.

"நான் குடுத்த தண்ணி நல்லா இருந்திச்சாம்மா?"

நான் காலிச் சீசாவைப் பைக்குள் மறைத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"உன் தண்ணியாலதான் இன்னிக்கு அதுக்கு வேலையே முடிஞ்சிது."

அண்ணி முகம் மலர்ந்து, அடுத்த முறை பெரிய சீசாவாகக் கொண்டுவரச் சொன்னார்.