கை கோக்கக் கூடாத ஆட்டம்

காலை 5.50. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஓசூர் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. என் ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும், பெங்களூரில் பெண்கள் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவதைப் பார்க்கச் செலவழிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். தள்ளுகிறவர்களில் ஒருத்தி என் தங்கை ரேவதி. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஹெப்பகோடியில் வாடகை அறை. ரோலர் டெர்பி என்ற இந்த ஆட்டத்தில் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. மூன்று போட்டிகள் ஆடி, மூன்றிலும் பாதியில் வெளியேற்றப்பட்டிருக்கிறாள். ஒரே போட்டியில் ஏழு பெனால்டி வாங்கினால் களத்தை விட்டே போய்விட வேண்டுமாம்.

"இந்தத் தடவயாச்சும் கடைசி விசில் வரைக்கும் உள்ள நிக்கணும்க்கா. நீ வந்து பாரு" என்று போனில் சொன்னாள். அவள் லேசில் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால்தான் கிளம்பினேன்.

ஓசூரில் வண்டி மாறி, அத்திப்பள்ளியில் பெயர்ப்பலகைகள் கன்னடத்துக்கு மாறியதை அரைத் தூக்கத்தில் பார்த்து, 8.05க்குச் சந்தாபுராவில் இறங்கினேன். பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. ஆனேக்கல் சாலையில் நான்கு கிலோமீட்டர் போக ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். ஓட்டுநருக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஸ்கேட்டிங் ஷெட்டுதானே மேடம்? சொல்ப தூரம்தான். ஸண்டே ஆனா பொம்பளைங்க ஹெல்மெட் மாட்டிக்கினு வண்டி இல்லாம ஓட்டுவாங்க" என்றார்.

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஒரு தபா நின்னு பாத்தேன். ஒண்ணும் அர்த்தம் ஆகல. ஆனா சவாரி வந்தும் போவ மனசு வரல."

8.40. தகரக் கூரை போட்ட பெரிய ஷெட் அது. வார நாளில் பேட்மின்டன் ஆடுவார்களாம். சிமென்ட் தரையில் முட்டை வடிவத்தில் ஓடுபாதை. எல்லைக் கோட்டில் மெல்லிய கயிற்றை வைத்து அதன்மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். கோட்டை மிதித்தால் கண் பார்க்காவிட்டாலும் கால் சொல்லிவிடும். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ரேவதி கருப்புச் சட்டையில், முதுகில் 27 என்ற எண்ணோடு, முழங்கால் கவசத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா" என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். உடனே விரல் நுனி வெளியே தெரியும் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

எனக்குக் கிடைத்த இடம் பெனால்டி நாற்காலிகளுக்குப் பின்னால். அங்கே இரண்டு ஸ்டாப்வாட்சுகளோடு இருந்தவர் ஷபானா, பெங்களூர் பிரேசர் டவுன்காரர். தண்டனை நேரத்தைக் கணக்குப் பார்ப்பது அவர் வேலை.

"ஆட்டம் ஆரம்பிச்சா நான் பேச மாட்டேன்க்கா. கேக்கறத இப்பவே கேட்டுக்கங்க" என்றார்.

கேட்டேன். பந்து கிடையாது. ஒரு அணிக்கு ஐந்து பேர் களத்தில். ஹெல்மெட்டில் நட்சத்திர உறை போட்டவள் ஜாமர். மற்ற நால்வர் பிளாக்கர்கள். ஜாமர் எதிரணிக் கூட்டத்தை ஒருமுறை கடந்து வந்தபின், அடுத்த சுற்றிலிருந்து அவள் தாண்டும் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு புள்ளி. முதலில் முறையாகக் கடந்தவள் லீட் ஜாமர். இடுப்பில் தட்டிக் காட்டினால் அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்தலாம். நிறுத்தாவிட்டால் இரண்டு நிமிடம் ஓடும். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பெயர் ஜாம். தோளால், இடுப்பால் இடிக்கலாம். முதுகில் இடித்தால், முழங்கையை வீசினால், தலையில் பட்டால் தப்பு. முப்பது விநாடி நாற்காலி.

"உங்க தங்கச்சிக்கு அதெல்லாம் வராது. அவங்களுக்கு ஒரே வியாதிதான். பக்கத்துல நிக்கிறவங்க கையப் புடிச்சிடுவாங்க. ரெண்டு பேர் கை கோத்து வழிய அடைச்சா மல்டிபிளேயர்னு பெனால்டி."

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக் கபடி அணியில் நானும் ரேவதியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். ரெய்டு வருகிறவளை மடக்கச் சங்கிலியாகக் கை கோப்பதுதான் எங்களுக்குச் சோறு போட்ட வித்தை. ஒருமுறை மாவட்டப் போட்டியில் அவள் என் கையை விட்டுவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தவள் நான்.

9.30. விசில். கருப்புக்கும் பச்சைக்கும் ஆட்டம். முதல் ஐந்து நிமிடம் ஆட்டோக்காரர் சொன்னதுபோல ஒன்றும் அர்த்தமாகவில்லை. பிறகு கண் பழகியது. நான்கு உடம்பு சேர்ந்து ஒரு சுவராகிப் பின்னுக்கும் பக்கத்துக்கும் நகர்கிற அழகை என்னவென்று சொல்வது. பச்சை ஜாமர் இடுக்கில் தலையை நுழைத்தாள். ரேவதியின் இடது கை, தன்னையறியாமல், பக்கத்தில் நின்ற கேப்டன் மெர்சியின் மணிக்கட்டைப் பிடித்தது. நீண்ட விசில். "பிளாக், டூ, செவன், மல்டிபிளேயர்" என்று நடுவர் தன் பத்து விரலையும் கோத்துக் காட்டினார்.

அடுத்து நடந்ததைத்தான் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ரேவதி வாதாடவில்லை. தானாகவே கூட்டத்தை விட்டு விலகி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷபானா இருபதாவது விநாடியில் எழுந்து நிற்கச் சொன்னார், முப்பதில் போகச் சொன்னார். யார் வந்தாலும் இப்படித்தான். எங்கள் ஊர்க் கபடியில் ஒரு தப்புக்கு அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும், பாதி ஊர் களத்துக்குள் இருக்கும்.

இடைவேளைக்குள் அவளுக்கு நான்கு பெனால்டி. என் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பாதியில் இன்னும் இரண்டு. வெள்ளைப் பலகையில் 27க்கு நேரே ஆறு என்று எழுதியபோது ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஆறாவது முறை நாற்காலியில் உட்கார்ந்தபோது அவள் தன் கையையே முறைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். என்ன சொல்வது? அந்தக் கையை அப்படிப் பழக்கியதில் பாதிப் பங்கு என்னுடையது.

11.10. கடைசி ஜாம். கருப்பு இரண்டு புள்ளி முன்னால். எங்கள் ஜாமர் பின்னால் மாட்டிக்கொண்டாள். பச்சை ஜாமர் லீட் வாங்கி, ஒரு சுற்று வந்து, எங்கள் சுவரில் மோதினாள். மோதி, விலகி, மறுபடி மோதினாள். கடிகாரத்தில் பத்து விநாடிதான் இருந்தது. அந்த நேரத்தை ஓட்டிவிட்டால் வெற்றி. அவள் ரேவதிக்கும் மெர்சிக்கும் நடுவில் தோளைச் சொருகினாள்.

ரேவதியின் இடது கை கிளம்பியது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். பிடித்திருந்தால் பச்சைக்காரி நின்றிருப்பாள். விசில் வந்து, ரேவதி வெளியே போயிருப்பாள். ஆனால் பத்து விநாடி கரைந்திருக்கும். கை பாதி வழியில் திரும்பி வந்து, அவளுடைய சட்டையின் விளிம்பையே கொத்தாகப் பிடித்துக்கொண்டது. இடுப்பை மட்டும் போட்டு மறித்துப் பார்த்தாள். போதவில்லை. இடுக்கு திறந்தது. பச்சை ஜாமர் நால்வரையும் தாண்டி, தாண்டிய வேகத்தில் இடுப்பில் தட்டினாள். நான்கு புள்ளி. ஆட்டம் முடிந்ததென்று நான்கு விசில். இரண்டு புள்ளியில் தோல்வி.

ரேவதி களத்துக்கு நடுவில் சட்டையை விடாமல் நின்றாள். இனி எல்லோரும் அவள்மேல் பாய்வார்கள் என்று நினைத்தேன். மெர்சிதான் முதலில் வந்தாள். கையுறை முடியும் இடத்தில் மணிக்கட்டைக் காட்டினாள். முழுக்க நகக்கீறல்.

"ஆறு தடவ பிச்சி எடுத்துட்டே. ஏழாவது வரப்போவுதுன்னு பல்லக் கடிச்சிட்டு நின்னேன். வரவே இல்ல" என்றாள்.

"புடிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம் மெர்சி."

"புடிச்சி ஜெயிக்கிறதுக்கா நாலு மாசமா கால உடைச்சிக்கிறோம்? போ, தண்ணி குடி."

அப்போதுதான் ரேவதி அழுதாள். பச்சைச் சட்டைக்காரிகளும் வந்து கட்டிக்கொண்டார்கள். ஷபானா ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டபடி, "இன்னிக்கு என் வேலைய ஒரு தடவ கொறச்சிட்டாங்க" என்றார்.

பகல் 1.40. சந்தாபுராவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரேவதி என்னை ஓசூர் வண்டியில் ஏற்றினாள். ஜன்னலோர இடம். அத்திப்பள்ளி தாண்டியதும் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"என்ன, ஜெயிச்சாளா?"

"இல்லம்மா. தோத்துட்டாங்க. இவ கடைசி வரைக்கும் நின்னா."

"நின்னும் தோத்துட்டாங்களா?" என்றாள் அம்மா. இரைச்சலில் விளக்க முடியவில்லை, வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்று ஓசூர் வரும்வரை யோசித்தேன். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் பிடித்திருப்பேன். பிடித்துவிட்டு, பிடிக்கவே இல்லை என்று நடுவரோடு சண்டையும் போட்டிருப்பேன்.