யானைக் குலத்துப் பெண்ணும் கண்டனூர்க் கல்யாணமும்

போன தை மாதம், அலுவலகத் தோழி மெய்யம்மையின் தம்பி கல்யாணத்துக்குக் கண்டனூர் போனேன். கூடவே என் அறைத்தோழி தாரிரோ. ஜிம்பாப்வேக்காரி, சென்னையில் மொழியியல் ஆராய்ச்சி செய்கிறாள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பித் தெற்குவரை பரவிய மக்கள், போன இடமெல்லாம் தங்கள் சொற்களை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதுதான் அவள் ஆய்வு.

ரயிலில் ஏழு மணி நேரம். பாதி வழி தாரிரோ அழுதுகொண்டே வந்தாள். அவள் காதலன் போட்ஸ்வானாக்காரன். நாடு வேறு, மொழி வேறு, ஆனால் இருவருமே யானைக் குலம்; அவர்கள் வழக்கப்படி ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது. அவள் மொழியில் யானை ‘ன்ஸோ’, அவன் மொழியில் ‘ட்லோ’. இரண்டும் ஒரே பழஞ்சொல்லிலிருந்து பிரிந்தவை என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவள் இவளேதான். அதைப் படித்த அப்பா, “அப்படியென்றால் அவன் உனக்கு அண்ணன்” என்று சொல்லிவிட்டாராம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள்!

காரைக்குடியிலிருந்து கண்டனூர் எட்டு கிலோமீட்டர் போல. ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். பந்தியில் மெய்யம்மையின் அக்கா வள்ளியம்மை ஆச்சி (அங்கே அக்காவும் ஆச்சிதான்) பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெய்யம்மை வீட்டார் நகரத்தார். அவர்களுக்கு ஒன்பது கோயில்கள், ஒரே கோயில் பிரிவு என்றால் பங்காளி, சம்பந்தம் பண்ணமாட்டார்கள். அந்த வழக்கத்தில் ஆச்சி கேலியாக, “இவுக எந்தக் கோயிலுன்னு கேளு” என்றார்.

“யானை” என்றாள் தாரிரோ. பந்தியே சிரித்தது. அவள் முழுக் கதையையும் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ஆச்சியாவது தன் பக்கம் பேசுவார் என்று நினைத்தாள் பாவம்.

“பாசை மாறுனா என்ன? எங்காளுக பர்மாவுல பர்மாக்காரக கணக்காப் பேசுனாக. அதுக்காகப் பங்காளி மாமன் மச்சானாயிருவாகளா? நான் உங்க அப்பச்சி கட்சிதேன்” என்றார் ஆச்சி. அப்பச்சி என்றால் அங்கே அப்பா. சொல்லிவிட்டு அவள் இலையில் இன்னொரு பணியாரம் வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

போகிறவர்களுக்கு: பெரிய வீடுகள் பல, விசேஷம் இல்லாத நாளில் பூட்டியே கிடக்கும். முகூர்த்த மாதங்களில் போங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள்.

திரும்பும்போது ஸ்டேஷனில் தாரிரோவின் அப்பா அழைத்தார். பெரியவர்கள் கூடிப் பேசினார்களாம். ஒரு பசு கொடுத்து உறவை அறுக்கும் சடங்கு உண்டு, அதைச் செய்தால் கல்யாணம் நடத்தலாமாம். நான் துள்ளிக் குதித்தேன். அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

“இத்தனை வருஷம் தேடித் தேடி ஒட்டவைத்த உறவு. அதை நானே அறுக்கணும்.”

“அப்பாவிடம் என்ன சொன்னாய்?”

“சரி என்றேன்” என்றாள். “ஆனால் ஆய்வேட்டில் ஒரு வரிகூட மாற்றமாட்டேன்.”